மூன்றாவது கேம்

அடுத்த வளைவு தாண்டியதும் கேட்டுவிட வேண்டும் என்று கோகிலவாணி நினைத்துக்கொண்டாள். போன வளைவுக்கு முன்பும் இதையேதான் நினைத்தாள். ஆனால் போன வளைவில் எதிரே பஸ் வந்துவிட்டது. பஸ்ஸுக்கு ஒதுங்கி வழி விடுகிற மனுஷனிடம் கேட்கிற கேள்வியா அது, அதனால் அதைக் கணக்கில் சேர்க்க முடியாது. மேட்டுப்பாளையத்தைத் தாண்டி மலை ஏறத் தொடங்கியதிலிருந்து வண்டி முனகிக்கொண்டே வருகிறது. பின்னால் முட்டை அட்டைகளும் அரிசி மூட்டைகளும் கோத்தகிரிக்குப் போகின்றன. முன்னால் அவளும் அவள் வீட்டுக்காரர் குழந்தைவேலுவும். இரண்டு பேருக்கும் நடுவில் சார்ஜரில் மாட்டிய அவருடைய போன், அதைத்தான் அவள் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டு வருகிறாள். வீட்டில் வைத்துக் கேட்டால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே கிளம்பிவிடுவார். மலைப்பாதையில் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு எங்கே போவார்? அதற்காகத்தான் காலையில் காரமடையில் அவர் வண்டியை எடுக்கும்போது, கௌசல்யா அக்காவைப் பார்த்து நாளாகிவிட்டது, கோத்தகிரிக்கு நானும் வருகிறேன் என்று ஏறி உட்கார்ந்தாள். கௌசல்யா அக்காவைப் பார்க்க அவளுக்கு ஒரு ஆசையும் இல்லை. அந்த அம்மாள் வாயைத் திறந்தால் மூடுவதற்கு ஆள் வைக்க வேண்டும். அவரும் ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சீட்டைத் துணியால் தட்டிவிட்டு, உக்காரு அம்மிணி என்றார். அவ்வளவு அன்பாகச் சொன்னதே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் எந்த நாள் இந்த மனுஷன் சீட்டைத் தட்டிக் கொடுத்திருக்கிறார்.

கேம். இரண்டே எழுத்து. முந்தாநாள் அவர் குளிக்கப் போயிருந்தபோது குளியலறை வாசல் திண்டில் வைத்திருந்த போன் ஒளிர்ந்தது, தண்ணீர் பட்டுவிடுமே என்று நகர்த்தி வைக்கத்தான் போனாள், சத்தியமாக அதற்குத்தான் போனாள், கண்ணில் பட்டுவிட்டது. ஆல்பர்ட் என்று ஒரு பெயர். கீழே தமிழில், ‘அண்ணா, ஸ்டேஜ் மூணு கேம் எடுத்தா அப்புறம் திரும்ப முடியாது. நல்லா யோசிச்சுக்கங்க. அக்காவுக்குத் தெரியுமா?’ அக்கா என்றால் அவள்தான், வேறு யார். ஊர் பேர் தெரியாத ஒரு ஆல்பர்ட்டுக்கு அவள் மேல் இருக்கிற அக்கறை இவருக்கு இல்லாமல் போனதே என்று முதலில் வந்தது கோபம்தான், பயம் பின்னால் வந்தது. ராத்திரி அவர் தூங்கினதும் மறுபடி எடுத்துப் பார்த்தாள். பூட்டெல்லாம் போடத் தெரியாத மனுஷன். பதில் அனுப்பியிருந்தார். ‘இப்ப சொல்ல வேண்டாம் தம்பி. போட்டுட்டு சொல்லிக்கலாம்.’ போட்டுட்டு. எதைப் போட்டுவிட்டு? எதில் போட்டுவிட்டு? அதற்கு மேலே இன்னும் நிறைய இருந்தது, விரலால் தள்ளிப் பார்க்க அவளுக்குத் தெரியும், தள்ளத்தான் தைரியம் வரவில்லை. அவள் கூடப்பிறந்த தியாகு அண்ணனும் இப்படித்தான் ஆரம்பித்தான். பொழுது போகவில்லை என்று போனில் ஒரு கேம். முதல் ஸ்டேஜ் சும்மா, இரண்டாவது ஸ்டேஜில்தான் விஷயமே இருக்கிறது என்று சோற்றில் கையை வைத்துக்கொண்டு சொன்னான், கண் மட்டும் போனில். அண்ணி கேட்டால் எரிந்து விழுந்தான், அம்மா கேட்டால் சிரித்தான். ஒருநாள் காலையில் போனைக் கட்டிலில் வைத்துவிட்டு எழுந்து போனவன், மாதக்கணக்கில் தேடி, பழனியில் மொட்டைத் தலையோடு அகப்பட்டான். இப்போது அம்மா வீட்டில்தான் இருக்கிறான். அண்ணி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். தட்டில் என்ன வைத்தாலும் சாப்பிடுகிறான், தலையைத்தான் நிமிர்த்துவதில்லை. வாணி வந்திருக்கேன் அண்ணா என்றால், ம் என்கிறான். அந்த ம் இருக்கிறதே, அதைக் கேட்டுவிட்டு வந்த அன்றைக்கெல்லாம் அவளுக்குச் சோறு இறங்காது.

வண்டி இன்னொரு வளைவுக்குள் நுழைந்தது. குழந்தைவேலு கியரைக் குறைத்து, உடம்பை முன்னால் சாய்த்து, ஸ்டீயரிங்கின் மேல் கிட்டத்தட்டப் படுத்துவிட்டார். மேடு வந்தால் எப்போதும் இப்படித்தான், இவர் சாய்ந்தால் வண்டிக்குப் பாரம் குறைந்துவிடும் என்று நினைப்பு. பின்னால் ஒரு கார்க்காரன் ஹாரனிலேயே கையை வைத்திருந்தான். முட்டை அட்டைகள் ஒன்றோடு ஒன்று உரசிக் கிறீச்சிட்டன. கால் மாட்டில் இஞ்சின் சூடு, ஜன்னலில் யூகலிப்டஸ் வாசனை, நடுவில் எங்கேயோ கிளட்ச் கருகுகிற நாற்றம். வா சாமி, வா சாமி என்று அவர் வாய்க்குள் சொல்லிக்கொண்டே டேஷ்போர்டைத் தடவினார். இதோ, இந்த மனுஷனா? தடவுகிற இந்தக் கையா? மெழுகுவர்த்தியை ஊதி அணைக்கக்கூடப் பாவம் பார்க்கிற ஆள். இல்லை, தியாகு அண்ணன் மட்டும் என்ன, நாய்க்குட்டிக்குப் பால் வாங்கி ஊற்றினவன்தானே. நல்லவர்களைத்தான் அது பிடிக்கும் போல. அன்றைக்குக் கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்று ஒளிந்து பேசிக்கொண்டிருந்தாரே, அவள் கொடியில் சேலை விரித்துக்கொண்டு சேலைக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டாள். லிஃப்ட் எவ்வளவு குடுப்பீங்க தம்பி? ம்ம். எனக்கு எச்சாவே வேணும், கம்மி வேண்டாம், நடுவுல நின்னு போறாப்பல ஆகக்கூடாது. ம்ம். மூணுக்கே போயிரலாமான்னு பாக்கறேன். லிஃப்ட் என்றால் தூக்கிவிடுவது. தூக்கிவிடுவதாகச் சொல்லித்தானே எல்லாரையும் இழுக்கிறார்கள். அப்புறம் ராத்திரியில் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு படுப்பது. அது ஒன்றுதான் அவளுக்குப் பிடிபடவே இல்லை. தியாகு அண்ணன் கண்ணைக் கொட்டாமல் போனைப் பார்ப்பான். இவர் கண்ணை மூடிக்கொள்கிறார். கண்ணை மூடிக்கொண்டு சிரிக்கிறார். கண்ணை மூடிக்கொண்டு ஆடுகிற ஆட்டம் எது? அதுதான் மூன்றாவது ஸ்டேஜோ?  காது வேறு அடைத்துக்கொண்டது, எச்சிலை விழுங்கினாள், விடவில்லை. மலை ஏறினால் எல்லோருக்கும் காது அடைக்கும், இதில் பயப்பட ஒன்றுமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

எப்படி ஆரம்பிப்பது என்பதுதான் பெரிய பாடு. ஏனுங்க, ஆல்பர்ட்டுன்னு யாருங்க என்று கேட்கலாம். போனைப் பார்த்தாயா என்று திருப்பிக் கேட்டால் மாட்டிக்கொள்வாள், வேண்டாம். ஏனுங்க, தியாகு அண்ணனை நினைச்சா பாவமா இருக்குதுங்க என்று சும்மா எடுத்துவிட்டு முகத்தைப் பார்க்கலாம். முகத்தில் என்ன தெரியும்? போன வருஷம் காற்று ஹாரன் ஒன்றை வாங்கி மாட்டிவிட்டு அவளிடம் சொல்லாமல் இருந்தாரே, அப்போது முகத்தில் தெரிந்ததா? பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை அலறியபோதுதான் தெரிந்தது. அன்றைக்கு அவள் போட்ட சத்தத்தில் மறுநாளே ஹாரனைக் கழற்றிவிட்டார். பாவம், அதை எடுத்து ஒரு பையில் சுற்றிப் பரணில் வைத்தார், தூக்கிப் போடவில்லை. ஒருவேளை அதிகமாகத்தான் திட்டிவிட்டேனோ. வீட்டில் எதற்கும் வாய் திறக்க முடியாதவர்கள்தான் போனுக்குள் போய் ஒளிந்துகொள்கிறார்கள் என்று டிவியில் ஒரு டாக்டர் சொன்னார். அப்படியானால் இது என்னால் வந்ததா? இவருக்குத் தங்கம் போட்டவளா நான், இல்லை தடை போட்டவளா? அடச்சே, மலைப்பாதையில் என்ன மோனை வேண்டிக் கிடக்கிறது. கேட்கப்போகிறேன். இந்தப் பால் வண்டி நம்மைத் தாண்டட்டும், கேட்கிறேன். பால் வண்டி தாண்டிப் போயிற்று. ஒரு குரங்கு தடுப்புச் சுவரில் உட்கார்ந்து அவளையே பார்த்தது. அவள் அதையே பார்த்தாள்.

போன் அடித்தது. திரையில் ஆல்பர்ட். வளைவின் பாதியில் இருந்தது வண்டி, அவர் ஸ்டீயரிங்கிலிருந்து எந்தக் கையையும் எடுக்க முடியாது. எடுக்காத அம்மிணி, மேல போய்ப் பேசிக்கறேன் என்று அவர் சொன்ன அவசரம் இருக்கிறதே, அதிலேயே அவளுடைய பயம் தீர்மானமாகிவிட்டது. கை தானாகப் போனது. பச்சையை அழுத்தி, ஒலிபெருக்கியையும் அழுத்தினாள். இளம் வயசுக் குரல் ஒன்று வண்டி முழுக்க நிறைந்தது. ‘அண்ணா, வணக்கங்ண்ணா. கேம் என்னாச்சுங்ண்ணா? மத்தியானத்துக்குள்ள சொல்லீருங்க. இன்னிக்கு அரைக்கக் குடுத்தாத்தான் வெள்ளிக்கிழமை இஞ்சினைப் பிரிக்க முடியும்.’ அரைக்க. அந்தச் சொல்லில் அவள் மனசு முட்டி நின்றுவிட்டது. கேமை எப்படி அரைப்பார்கள்? மிளகாய் அரைப்பார்கள், மாவு அரைப்பார்கள். தியாகு அண்ணன் எத்தனையோ செய்தான், எதையும் அரைத்ததில்லை. இஞ்சினைப் பிரிப்பதாகச் சொன்னானே, யாருடைய இஞ்சின்? குழந்தைவேலுவின் முகம் கறுத்து, காது நுனி சிவந்து, கண் ரோட்டை விட்டு அசையவில்லை. அவள் போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.  ‘தம்பி, கேம்னா என்ன தம்பி?’

அந்தப் பக்கம் ஏதோ ஒரு சுத்தியல் தட்டுகிற ஓசை மட்டும். ‘அக்காவுங்களா?’ என்றான் அவன். ‘அண்ணன் சொல்லீட்டாருங்களா? கேம்ங்க்கா, கேம்ஷாஃப்ட்டு. இஞ்சினுக்குள்ள மேல ஒரு தண்டு இருக்கும். அதுல முட்டையாட்டம் மேடு மேடா இருக்கும். தண்டு சுத்தறப்ப அந்த மேடு வந்து வால்வை அமுக்கித் தொறக்கும், காத்தும் பெட்ரோலும் உள்ள போகும். மேட்டை மாத்தி அரைச்சா இழுவை மாறுங்க்கா. அண்ணன் வண்டிக்கு அதைத்தான் பாத்துக்கிட்டிருக்கறோம். நான் கோயமுத்தூர் கணபதியில பட்டறை வெச்சிருக்கறனுங்க.’ தண்டு. மேடு. வால்வு. பட்டறை. ஒவ்வொரு சொல்லும் அவள் மேலிருந்து ஒரு மூட்டையை இறக்கிக்கொண்டே போனது. ஸ்டேஜ் என்றது அந்த மேட்டை எவ்வளவு அரைப்பது என்பது. லிஃப்ட் என்றது அந்த மேடு வால்வைத் திறக்கிற அளவு. நடுவில் நின்று போகக்கூடாது என்றது இந்த மலையில். போட்டுட்டு என்றது, வண்டிக்குள் போட்டுவிட்டு. நம் எழுத்தில் அந்த ஆட்டத்துக்கும் இந்தத் தண்டுக்கும் ஒரே க-தான் இருக்கிறது, அந்த ஒரு எழுத்து அவளை மூன்று நாளாக உயிரோடு எரித்துவிட்டது. கோகிலவாணிக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க வாயைத் திறந்ததும் அழுகை வந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு இரண்டையும் சேர்த்துச் செய்தாள். காது டப்பென்று விட்டுவிட்டது, திடீரென்று காற்று, இலை, இஞ்சின், எல்லாம் பளிச்சென்று கேட்டன.

குழந்தைவேலு பயந்துபோய், வளைவு தாண்டி அகலமாக இருந்த இடத்தில் ஒதுக்கி நிறுத்தி, கை பிரேக்கை இழுத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார். ‘ஏன் அம்மிணி, இதுக்குப் போய் அழுவாங்களா? வேண்டாம்னா விட்டுடறேன். ஹாரனுக்குத் திட்டுனாப்பல நீ திட்டுவேன்னுதான் சொல்லல.’ ‘நான் கேம்னு நெனச்சுட்டனுங்க’ என்றாள். ‘கேம்தான்.’ ‘அந்த கேம் இல்லீங்க. கேம்.’ ‘அதாங் கேம்ங்கறேன்.’ ‘ஐயோ, தியாகு அண்ணன் கேம்!’  அவர் மெதுவாக, தன் போனைத் தானே முதல் முறை பார்ப்பவர் போல அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவள் எந்தெந்த ராத்திரி விழித்திருந்தாள் என்பதெல்லாம் அவருக்கு வரிசையாக நினைவு வந்திருக்க வேண்டும். அவர் அவள் புறங்கையைப் பிடித்துக்கொண்டார். கிரீஸ் மணக்கிற சொரசொரப்பான கை. இந்தக் கையை அவள் பழனியில் போய்த் தேட வேண்டியதில்லை. மலையில் இப்படி ரோட்டோரத்தில் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைக் கௌசல்யா அக்கா பார்த்தால் ஊரெல்லாம் சொல்லுவாள், சொல்லட்டும், நன்றாகச் சொல்லட்டும் என்றிருந்தது.

‘அண்ணா, லைன்ல இருக்கீங்களா?’ என்றது போன். போனில் அவனுக்குப் பின்னால் ஒரு பெண் குரல், யாருங்க அது, காலங்காத்தால இருந்து போனு போனு என்று கேட்டது. கஸ்டமர் கண்ணு என்றான் ஆல்பர்ட், புதுசாகக் கல்யாணம் ஆனவனுடைய குழைவோடு. கோகிலவாணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, இப்போது வேறொரு தெம்போடு, மூணு ஸ்டேஜுக்கும் என்ன வித்தியாசம் தம்பி, எனக்கும் சொல்லு என்றாள். அவன் சொன்னான். ஒண்ணாவது, வண்டி மெதுவாகப் போகும்போதே அடியிலிருந்து இழுக்கும், மற்றபடி எதையும் தொட வேண்டாம். ரெண்டாவது, வேகம் பிடித்த பிறகுதான் பலம் தெரியும். இது இன்ஜெக்‌ஷன் வண்டி, பெட்ரோலை எவ்வளவு விட வேண்டும் என்று ஒரு கம்ப்யூட்டர்தான் கணக்குப் போடுகிறது, அதற்கும் புதுக் கணக்கு எழுத வேண்டும். ‘மூணாவது ரேஸ் ஓட்டறவங்களுக்குங்க்கா. பிஸ்டன்லயே வெட்டி எடம் பண்ணணும், வெட்டுனா அப்புறம் பழையபடி ஆக்க முடியாது. சும்மா நிக்கறப்பக் கூட இஞ்சின் குலுங்கிக்கிட்டே இருக்கும். அண்ணன் ஏத்தற முட்டை பூரா கோத்தகிரி போறதுக்குள்ள ஆம்லெட்டு.’ அண்ணாகிட்ட நாலு தடவை சொல்லீட்டனுங்க என்றும் சொன்னான். இன்னும் ஏதோ சொல்ல வந்தான், சிக்னல் போய்விட்டது.

அப்ப மூணாவதை எதுக்குங்க கேட்டீங்க என்றாள். குழந்தைவேலு ரோட்டோரத்தைப் பார்த்தார். திருட்டு மாங்காயோடு அகப்பட்டவர் மாதிரி சிரித்தார். சத்தம் அம்மிணி என்றார். ஒயரை எடுத்து ஒரு முனையை அவள் காதில் மாட்டி, இன்னொன்றைத் தன் காதில் மாட்டிக்கொண்டு போனில் எதையோ தட்டினார். எங்கேயோ ஒரு இஞ்சின் நின்ற இடத்தில் நின்றுகொண்டே உருமியது, விட்டு விட்டு, குப்புக் குப்பென்று, இப்போது நின்றுவிடும் நின்றுவிடும் என்று தோன்றி நிற்காமல். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அந்தச் சிரிப்பு வந்தது. இதுதானா? இதற்குத்தானா நான் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்? செட்டிபாளையத்தில் ரேஸ் நடந்தால், கல்யாணத்துக்கு முன்னால், சைக்கிளில் போய் வேலிக்கு வெளியே நின்று கேட்பாராம், உள்ளே போக மாட்டாராம். ஒருமுறை சொல்லியிருக்கிறார், அவள் அரைகுறையாகக் கேட்டிருக்கிறாள். சரி, சத்தத்துக்கு மூணாவது, இழுவை எதுக்குங்க, இத்தனை நாள் இந்த வண்டியிலதானே ஏறுனீங்க என்றாள். கண்ணைத் திறக்காமலே சொன்னார். ‘ஆடி மாசம் ஒருநா இந்த வளைவுலதான் நின்னு போச்சு. முழு லோடு. கிளட்சை விட்டா பின்னால உருளுது. பின்னால ஒரு ஸ்கூல் வேன். எப்பிடியோ செவுத்துல முட்டி நிறுத்தீட்டேன். பம்பர் நெளிஞ்சது கோயமுத்தூர்ல தட்டுனதுன்னு உன்கிட்டப் பொய் சொன்னேன்.’ அவள் ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தாள். வளைவின் உள்பக்கச் சுவரில் ஒரு கீறல் இருந்தது, வெள்ளைக் கோடு போல. இந்த மனுஷன் வாரத்துக்கு எத்தனையோ முறை இந்தக் கீறலைத் தாண்டிப் போயிருக்கிறார், வா சாமி வா சாமி என்று. அவள் வீட்டில் பயந்துகொண்டிருந்தாள், இவர் இங்கே பயந்துகொண்டிருந்தார், இரண்டு பேரும் ஒரே பாயில் படுத்துக்கொண்டு. நல்லவேளை, நல்லவேளை, ஆல்பர்ட் நன்றாக இருக்கட்டும். அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

‘உருளாம ஏத்தறது எதுங்க?’ ‘ஒண்ணாவதுதான்’ என்றார், ஒரு பெருமூச்சோடு. ‘அப்ப ஒண்ணாவது. சத்தத்துக்கு அந்த ஹாரனைப் பரண்ல இருந்து எடுத்து மாட்டிக்கங்க. ஆனா மலையில மட்டும் அடிக்கோணும், நம்ம வீதிக்குள்ள அடிச்சீங்கன்னா பாத்துக்கங்க.’ அவர் வாய் காது வரைக்கும் போனது. வண்டியைக் கிளப்பினார். அடுத்த மேடு வந்தபோது ஸ்டீயரிங் மேல் சாய்ந்தார். அவளும் டேஷ்போர்டில் கையை ஊன்றி முன்னால் சாய்ந்தாள். தன்னை அறியாமல்தான் சாய்ந்தாள், சாய்ந்த பிறகு நிமிரவும் தோன்றவில்லை. சிக்னல் மறுபடி வந்திருந்தது. நீயே தம்பிக்குச் சொல்லீரு அம்மிணி என்றார் அவர். அவள் போனை மடியில் வைத்துக்கொண்டு ஒரே விரலால் எழுத்து எழுத்தாகத் தட்டினாள். ‘தம்பி, ஸ்டேஜ் ஒண்ணு கேம் போதும்.’ அனுப்பப் போனவள் நின்றாள். யாருங்க அது என்று கேட்ட அந்தப் புதுப்பெண் குரல். ஆல்பர்ட் கை கழுவவோ குளிக்கவோ போயிருப்பான், போன் ஒளிரும், தண்ணீர் பட்டுவிடுமே என்று அந்தப் பெண் நகர்த்தி வைக்கத்தான் போவாள். கோகிலவாணி கேம் என்பதற்குப் பின்னால் விரலை வைத்தாள். ஷா எங்கே இருக்கிறது என்று கொஞ்ச நேரம் தேடினாள். பிறகு, கேம்ஷாஃப்ட் என்று முழுசாக அடித்து, எழுத்துக்கூட்டி ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு அனுப்பினாள்.